குழந்தை இல்லாத வகுப்பறையில் தயாராகும் ஆசிரியர்

அறுபது குழந்தைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கணக்கிட்டிருக்கிறது. வகுப்புகள் ஐந்து. ஆக, ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இருவரில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு ஒன்றியத்தில் இந்தக் கணக்கின் பொருள் புரியும். ஒருபுறம் பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் பக்கத்துச் சமவெளி ஊர்கள். மறுபுறம் ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகள், அவற்றுக்குள் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகள். 2023 மே மாதம் அல்லேரி மலைப்பக்கம் பாம்பு கடித்த ஒரு குழந்தை இறந்துபோனதும், சாலை இல்லாததால் தாய் உடலைச் சுமந்து நடந்ததும் நாடெங்கும் செய்தியாயின. அத்தகைய பாதைகளில்தான் ஆசிரியரும் ஏறி இறங்க வேண்டும். பாலாற்றுப் பக்கம் போனால் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோல் தொழில் பட்டை நீள்கிறது. விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். சிலர் வீட்டில் உருது, சிலர் வீட்டில் தெலுங்கு, மற்றவர் வீட்டில் தமிழ்.

இந்தப் பள்ளிகளுக்குப் போகப்போகும் ஆசிரியருக்கு நாம் கற்றுத்தருவது என்ன?

பிளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டு படிப்பது தொடக்கக் கல்விப் பட்டயம். ஊரில் இன்றும் ‘டீச்சர் டிரெய்னிங்’தான். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் தொடங்கப்பட்ட ‘டயட்’ நிறுவனங்கள் இதற்காகவே வந்தன. இந்த வட்டாரத்துக்கு ராணிப்பேட்டையில் ஒன்று இருக்கிறது. தனியார் பயிற்சிப் பள்ளிகள் 2000-களின் நடுவில் தமிழகமெங்கும் முளைத்தன. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலை கிடைத்த காலம் அது. மூப்புக்குப் பதில் தேர்வு வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மூடிக்கொண்டன. ஏன் திறந்தன, ஏன் மூடின என்பதிலிருந்தே பயிற்சிக்கு எதற்காக ஆள் வந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

பொதுவாக ஒரு பயிற்சிப் பள்ளியின் நாள் இப்படிப் போகும். ‘குழந்தை மையக் கல்வி’ என்ற தலைப்பில் விரிவுரையாளர் குறிப்புகளை வாசிக்கிறார், மாணவியர் எழுதிக்கொள்கிறார்கள். ‘செயல்வழிக் கற்றலின் நன்மைகள்’ பத்து மதிப்பெண் கேள்வி. விடை கைடில் எட்டுப் புள்ளிகளாக இருக்கிறது. ‘மனப்பாடம் செய்வதன் தீமைகள்’ என்பதும் மனப்பாடம் செய்தே எழுதப்படுகிறது. இதை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விளைவு சிரிக்கும்படி இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட ‘பள்ளி ஆசிரியர்’ நூலில் ஒரு கணக்கு சொன்னார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் வேலை என்றால் என்ன என்ற சித்திரம் அந்த மணிநேரங்களிலேயே மனதில் விழுந்துவிடுகிறது. மருத்துவம் படிக்க வருபவர் அறுவைச் சிகிச்சை அரங்கைப் பார்த்திருக்க மாட்டார். ஆசிரியப் பயிற்சிக்கு வருபவரோ தன் தொழிலைப் பன்னிரண்டு ஆண்டுகள் பெஞ்சில் இருந்தபடி பார்த்துவிட்டு வருகிறார். கரும்பலகையில் எழுதிப்போடுவது, கோரஸாகச் சொல்லவைப்பது, கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்வது, பிரம்பு: அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பார்த்தது இதுதான் என்றால், இரண்டாண்டுப் பயிற்சிக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு வேறொன்றைக் கண்ணால் பார்க்கவும் கையால் செய்யவும் வைப்பது. அங்கேயும் எழுதிப்போட்டு எழுதிக்கொள்வதே நடந்தால், பதினான்கு ஆண்டுகள் ஒரே பாடமாகிவிடும்.

‘நுண்ணிலைக் கற்பித்தல்’ என்ற பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1963-இல் தொடங்கியது இது. ஒரே ஒரு திறனை, ஐந்தாறு நிமிடத்தில், ஒரு சிறு குழுவிடம் நடத்திக்காட்டிக் குறைகளைக் கேட்டு மறுபடி நடத்த வேண்டும். நல்ல யோசனைதான். நம் பயிற்சிப் பள்ளிகளில் அந்தச் சிறு குழுவாக உட்காருபவர்கள் உடன் படிக்கும் தோழியர். இருபது வயதுக்காரர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். ‘ஏழும் ஐந்தும் எவ்வளவு?’ என்றால் பன்னிரண்டு என்றே பதில் வரும். ஏழையும் ஐந்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுபத்தைந்து என்று சொல்லும் பிள்ளை அந்த அறையில் கிடையாது. அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் அடுத்து என்ன கேட்பது என்பதுதான் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் தொழில். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பழக்கப்படுத்தப்படுகிறது.

பள்ளிக்குப் போகும் வாரங்கள் காகிதத்தில் குறைவில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் இரண்டாண்டில் குறைந்தது 20 வாரப் பள்ளி அனுபவம் வேண்டும் என்கின்றன. முதலாண்டில் 4 வாரம் கவனித்தல், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் கற்பித்தல். ஆனால் பஸ் வசதியுள்ள பள்ளிகளே பெரும்பாலும் பொறுக்கப்படுகின்றன. மலைப் பள்ளிக்கு யாரும் பயிற்சி மாணவியை அனுப்பத் துணிவதில்லை. போன இடத்தில் ஆள் பற்றாக்குறை. ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்பைப் ‘பார்த்துக்கொள்ள’ ஒருவர் கிடைத்தார் என்று பள்ளி நிம்மதி அடைகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, மாலையில் பேசித் திருத்த வேண்டிய வழிகாட்டி ஆசிரியருக்கு நேரம் இல்லை. முடிவில் மிஞ்சுவது ரெக்கார்டு நோட்டும் பாடக்குறிப்பும் சார்ட்டுகளும் தெர்மோகோல் மாதிரிகளும். ‘கமிஷன்’ எனப்படும் செய்முறைத் தேர்வு நாளன்று மதிப்பெண் பெறுபவை அவையே. ஒரே வகுப்பு, ஒரே பாடம், நாற்பது நிமிடம் என்று எழுதப்பட்ட அந்தப் பாடக்குறிப்பு, மூன்று வகுப்பை ஒன்றாக வைத்திருக்கும் ஈராசிரியர் பள்ளியில் முதல் நாளே உதவாமல் போகிறது.

உதவாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு உண்டு. பயிற்சியில் கற்ற புது முறைகள் பள்ளிக்குள் நுழைந்ததும் கழுவிக்கொண்டு போய்விடுகின்றனவா என்று கென்னத் ஜைக்னரும் ராபர்ட் டபாச்னிக்கும் 1981-இல் கேட்டார்கள். அவர்கள் சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே போனது: கழுவிப்போகும் அளவுக்கு அங்கே எதுவும் முதலில் ஒட்டியே இருக்கவில்லையோ? நம் பயிற்சிப் பள்ளிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்க வேண்டும்.

இனி, பயிற்சி மாணவர்களின் ஆர்வத்தைப் பற்றி. புதிய முறையில் நாலு வாரம் பாடம் நடத்திவிட்டு, ‘உங்கள் ஆர்வம் கூடியதா?’ என்று படிவம் நீட்டினால் கூடியது என்றே பதில் வரும். குறிப்பு எழுதி அலுத்தவர்களுக்கு எந்த மாற்றமும் இனிக்கும். கல்வியியல் ஆய்வேடுகளில் இந்த வகை முடிவுகளைப் பார்த்து உற்சாகம் அடைபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அனிதா வுல்ஃபோக் ஹோய், ரோன்டா ஸ்பெரோ இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு பயிற்சி மாணவர்களைப் பணியின் முதலாண்டு வரை பின்தொடர்ந்தது. ‘என்னால் கற்பிக்க முடியும்’ என்ற நம்பிக்கை பயிற்சியின்போது ஏறியது. சொந்த வகுப்பில் நின்ற முதலாண்டில் இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்பது அந்த ஆண்டில் அவருக்குக் கிடைத்த துணையோடு தொடர்புடையதாக இருந்தது. பயிற்சி அறையில் அளக்கும் ஆர்வம் பணியில் தாங்குமா என்பதை அந்த அறையில் இருந்து சொல்ல முடியாது. தாங்கவைப்பது, ஒரு பிள்ளை தன்னால் கற்றது என்று கண்ணெதிரே பார்த்த அனுபவம். பிள்ளையே இல்லாத பயிற்சியில் அது எங்கிருந்து வரும்?

பட்டப்படிப்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். என்று பேசுகிறது. நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் கண்டதை அதே ஆவணம் எடுத்துச் சொல்கிறது: நாட்டில் தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி நிறுவனங்களில் பெரும்பான்மை, பயிற்சி தர முயலவே இல்லை; பட்டத்தை விலைக்கு விற்கின்றன. விற்கும் சரக்கு இரண்டாண்டு நீளமா நான்காண்டு நீளமா என்பது இரண்டாம் கேள்வி.

பட்டத்தின் நீளம் மட்டும் போதாது என்பதற்குக் கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட நூலில் நல்ல சான்று இருக்கிறது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதைக் கணக்கும் உருவாக்கச் சொல்லித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டார். சீனாவில் கேட்ட 72 பேரும் சரியாக வகுத்தார்கள். அமெரிக்காவில் கேட்ட 23 பேரில் பாதிப் பேர்கூடச் சரியான விடைக்கு வரவில்லை. பொருத்தமான கதைக் கணக்குச் சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு பயிற்சிப் பள்ளி மட்டும் படித்தவர்கள், அமெரிக்கர்கள் பட்டதாரிகள். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று நம் ஊரிலும் சொல்லிக்கொடுக்கிறோம். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று பட்டயத் தேர்வின் எந்தக் கேள்வி கேட்கிறது?

அந்தக் கேள்வியைக் கேட்காத இன்னொரு தேர்வு டெட். 2012 ஜூலை 12 அன்று தமிழகத்தில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற கூக்குரல் எழுந்து, அக்டோபரில் நடந்த மறுதேர்வில் மூன்று மணி நேரம் ஆக்கப்பட்டது. தேறியோர் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. இரண்டு தேர்வுக்கும் இடையே யாரும் மூன்று மாதத்தில் நல்ல ஆசிரியராக மாறிவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 150 கொள்குறி வினாக்கள், அப்போது 60 விழுக்காடு தேர்ச்சி. இதில் குழந்தை உளவியலும் உண்டு, குழந்தைதான் கிடையாது.

தேர்வு கூடாது என்பது என் வாதமில்லை. பாடம் தெரியாதவரை வடிகட்ட அது வேண்டும். ஆனால் வேலைக்கான வாசல் இது ஒன்றுதான் என்றானபின், பயிற்சி மாணவியின் ஆர்வம் முழுவதும் அந்த வாசலை நோக்கித் திரும்பிவிட்டது. இரண்டாம் ஆண்டில் பாதிக் கவனம் டெட் கோச்சிங்கில். 2018 முதல் டெட் தேறியவர்களும் பணிக்கு மற்றொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றானதால், பட்டயம் வாங்கி ஆண்டுக்கணக்கில் கொள்குறி வினாக்களோடு குடித்தனம் நடத்துகிறார்கள். அந்த ஆண்டுகளில் பெரும்பாலோர் ஒரு வகுப்பறைக்குள்ளும் கால் வைப்பதில்லை; வைப்பவர்கள் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில்.

உச்ச நீதிமன்றம் இரண்டு முறை இந்தத் தகுதிக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 11 தீர்ப்பு, பி.எட். படித்தவர்கள் தொடக்கப் பள்ளிக்குத் தகுதியில்லை, பட்டயப் பயிற்சியே தகுதி என்றது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனித் திறன் என்பது அதன் அடிப்படை. 2025 செப்டம்பர் 1 தீர்ப்போ, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. தமிழகத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை இது தொடுகிறது. மாநில அரசு மறுசீராய்வு கோரியது. சட்டத்தின் நியாயம் எப்படியிருந்தாலும், இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் மாலையில் வீட்டுக்குப் போய்க் கொள்குறி வினாப் புத்தகத்தைத் திறக்கிறார். தனித் திறன் என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை, தனித் திறன் எதுவும் வெளிப்பட முடியாத தாளில் அளக்கிறோம்.

வகுப்பறை முறையை மாற்றும் முயற்சியில் வேலூருக்கு ஒரு பழைய பங்கு உண்டு. இங்கே அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. 1990-களில் இந்த மாவட்டத்தில் பீடித் தொழிலில் கொத்தடிமைப்பட்டிருந்த குழந்தைகள் ஏராளம். அப்போது ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். கொண்டுவருவதைவிட வகுப்பில் தங்கவைப்பது கடினமாக இருந்தது. வெவ்வேறு வயது, வெவ்வேறு நிலை. ஒரே பாடத்தை எல்லோருக்கும் ஒன்றாக நடத்துவது நடக்காத காரியம். எல்லைக்கு அப்பால், மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி வேலியில், பல வகுப்புப் பள்ளிகளுக்காக உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும் இருந்தன. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது விஜயகுமார் 13 பள்ளிகளில் அந்த முறையைத் தொடங்கினார். 2007-08-இல் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் செயல்வழிக் கற்றல் போனது. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார், சுவரின் அடியில் குழந்தை உயரத்தில் கரும்பலகை வந்தது.

ரிஷி வேலியில் ஆசிரியர்கள் அந்த அட்டைகளைத் தாங்களே செய்து, சோதித்து, திருத்தியிருந்தார்கள். மாநிலம் முழுக்கப் போனபோது அட்டைகள் அச்சாகி வண்டியில் வந்தன; பயிற்சி சில நாட்கள். ஏணியில் ஒரு பிள்ளை ஏன் அந்த மைல்கல்லில் நிற்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்கள் கையில் அது அருமையான கருவி. தெரியாதவர்கள் கையில் அட்டை எண் சரிபார்க்கும் வேலை. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன, 2018 முதல் புதிய பாடநூல்கள், 2022-இல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்த ‘எண்ணும் எழுத்தும்’. அதே 2022-இல் ‘ஏசர்’ கிராமப்புற ஆய்வில், தமிழகத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். கொரோனா மூடல் அதற்குப் பெரிய காரணம். 2024 ஆய்வில் அந்த எண் பத்தைத் தாண்டியது. மீட்சி உண்மை. ஆனால் 2005-இல் பட்டயம் பெற்ற ஒருவர் இதுவரை நாலு முறைகளைச் சுற்றறிக்கையில் சந்தித்துவிட்டார். ஐந்தாவதும் வரும். முறையைத் தானே எடைபோடும் பழக்கம் பயிற்சியில் விழாதவர், ஐந்தாவதையும் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் அளவுக்குத்தான் செய்வார்.

தோல் பட்டையில் மொழி இன்னொரு சிக்கல். 2006 தமிழ் கற்கும் சட்டத்தின்படி உருது வழிப் பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயமானது. அந்த முதல் அணி 2015-16-இல் பத்தாம் வகுப்பை அடைந்தபோது மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பத்தாண்டு தமிழ் படித்த பிள்ளைகள். வேறு மொழி பேசும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தமிழை இரண்டாம் மொழியாக எப்படிப் பேசவைப்பது, பிறகு எப்படி எழுத்துக்குக் கொண்டுபோவது என்பது தனி வித்தை. பயிற்சிப் பள்ளியில் தமிழ் கற்பித்தல் தாள், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை எண்ணியே எழுதப்பட்டிருக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்ணை எழுத்துத் தேர்வு வைத்து அப்பர் தைக்கும் எந்திரத்தில் உட்காரவைப்பதில்லை. கைதேர்ந்த ஒருத்தி பக்கத்தில் உட்காரவைத்து, கழிவுத் தோலில் தைக்கவிட்டு, தையல் நேரானபின்தான் நல்ல தோல் கைக்கு வரும். தோல் வீணானால் கம்பெனிக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

செய்யக்கூடியவை பெரிய சட்டத் திருத்தங்கள் அல்ல. கமிஷன் தேர்வை ஒரே வகுப்பில் நடத்தாமல் இரண்டு வகுப்பு கலந்த அறையில் நடத்தலாம். சார்ட்டுக்குத் தரும் மதிப்பெண்ணை, ஒரே குழந்தையின் வாசிப்பைப் பத்து வாரம் கவனித்து எழுதிய குறிப்புக்கு மாற்றலாம். மலைப் பள்ளியில் தங்கிப் பயிற்சி எடுக்க முன்வருபவருக்கு உதவித்தொகையும் பாதுகாப்பான தங்குமிடமும் தரலாம். பயிற்றுநர்களாக வருவோர் முதுகலையும் எம்.எட்.டும் முடித்தவர்கள், ஒன்றாம் வகுப்பில் ஓராண்டு நின்றவர்கள் அவர்களில் அரிது. ஆண்டுக்கு ஒரு பருவமாவது அவர்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்க, மாணவியர் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். பயிற்றுநர் தடுமாறுவதையும் அவர்கள் பார்க்கட்டும். பின்லாந்தில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகள் இதற்காகவே இயங்குகின்றன. நம்மிடமும் பயிற்சிப் பள்ளியை ஒட்டி மாதிரிப் பள்ளி வைக்கும் வழக்கம் இருந்தது. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இவை எதுவும் நடக்காமல் போவதன் விலையைக் கணக்கிடுவது எளிது. தமிழகத்தில் ஓய்வு வயது 60. 22 வயதில் 2026-இல் பணியில் சேர்பவர் 2064 வரை வகுப்பில் இருப்பார். ஆண்டுக்கு 25 பிள்ளைகள் என்றாலும் ஆயிரத்தை நெருங்கும் பேர் அவரிடம் வாசிக்கக் கற்பார்கள், அல்லது கற்காமல் அடுத்த வகுப்புக்குப் போவார்கள். நெடுங்காலத்துக்குப் பின் இடைநிலை ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 ஜூலை 21 அன்று நடத்தியது. 1,768 என்று அறிவித்த இடங்கள் பிறகு 2,768 ஆயின. அவற்றில் ஓர் இடத்துக்குக்கூட, ஒரு குழந்தைக்கு முன் நின்று பாடம் நடத்திக்காட்டும்படி விண்ணப்பித்தவரிடம் கேட்கவில்லை.